நிலமும் அதிகாரமும்: மலேசியக் கூட்டாட்சி உருவான வரலாறு

மலேசிய நாட்டுக் கொடியில் பதினான்கு கோடுகள் உள்ளன. சிவப்பும் வெள்ளையுமாக மாறி மாறி அமைந்த அக்கோடுகள் யாவும் ஒரே அகலம் உடையன. பதின்மூன்று மாநிலங்களும் நடுவண் அரசும் தம்முள் ஒப்பான நிலையுடையன என்பதை அவை குறிக்கும் என்று மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. 1950ஆம் ஆண்டில் மலாயாக் கூட்டரசின் கொடி உருவானபோது கோடுகள் பதினொன்றே இருந்தன. 1963இல் சிங்கப்பூர், சபா, சரவாக் ஆகியவை இணைந்தபோது அவை பதினான்காயின. 1965இல் சிங்கப்பூர் பிரிந்து சென்றது. கோடு மட்டும் நீக்கப்படவில்லை. எஞ்சிய அந்தக் கோட்டுக்கு நடுவண் அரசு என்று பொருள் கூறப்பட்டது.

துணியை ஒரே அகலமாக வெட்டுவது எளிது. அதிகாரத்தை அவ்வாறு வெட்டிப் பங்கிடுதல் எளிதன்று. பாதுகாப்பு, வெளியுறவு, காவல்துறை, வருமான வரி, சுங்கவரி, கல்வி, மருத்துவம் என ஓர் அரசை அரசாக்குகின்ற பொருள்களுள் பெரும்பாலானவை மலேசியாவில் நடுவண் அரசிடமே உள்ளன. மாநிலங்களின் கையில் இஸ்லாமிய சமயமும் மலாய் வழக்காறும், ஊராட்சியும், காடும் வேளாண்மையும், இவை எல்லாவற்றுக்கும் மேலாக நிலமும் உள்ளன. இவ்வளவு வலிமை வாய்ந்த நடுவண் அரசு நிலத்தை மட்டும் ஏன் மாநிலங்களிடம் விட்டுவைத்தது? இவ்வினாவுக்குரிய விடை சட்டநூலில் இல்லை; வரலாற்றில் இருக்கிறது.

தீபகற்பத்து மாநிலங்கள் பலவற்றின் பெயர்கள் ஆற்றின் பெயர்களே. பேராக், பகாங், கிளந்தான், சிலாங்கூர், ஜொகூர் என்னும் பெயர்களில் ஆறுகள் இன்றும் ஓடுகின்றன. ஆற்றின் கழிமுகத்தைக் காத்து நின்றவன், உள்நாட்டுக்குள் செல்லும் உப்புக்கும் அங்கிருந்து இறங்கி வரும் ஈயத்துக்கும் வரி வாங்கினான். வரி வாங்க வல்லவனே அரசன். அடர்ந்த காடுகள் இடையிட்டமையால் ஓர் ஆற்றுச் சமுதாயத்துக்கும் அடுத்த ஆற்றுச் சமுதாயத்துக்கும் நெருங்கிய தொடர்பு குறைவு. ஆகவே மலாயா என்னும் ஒரு நாடு நிலப்படத்தில் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே பேராக்கும் கெடாவும் ஜொகூரும் தனித்தனி அரசுகளாக வாழ்ந்தன. இந்தியாவில் 1956ஆம் ஆண்டில் மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தி அமைக்கப்பட்டன. அங்கே மாநிலம் என்றால் ஒரு மொழியின் வீடு என்று பொருள். இங்கே மாநிலம் என்பது ஓர் ஆற்றின் கரை. ஓர் அரச குலத்தின் ஆட்சி எல்லை. இவ்வேறுபாட்டை மறந்து மலேசியக் கூட்டாட்சியை ஆராய்பவர் பிழையான முடிவுக்கே வருவர்.

1874ஆம் ஆண்டு பங்கோர் உடன்படிக்கை வழியாகப் பேராக்கில் ஆங்கிலேய ரெசிடெண்ட் ஒருவர் அமர்த்தப்பட்டார். சமயமும் வழக்காறும் நீங்கலாக ஏனைய எல்லாவற்றிலும் அவருடைய அறிவுரையைச் சுல்தான் கேட்டு, அதன்படி நடத்தல் வேண்டும் என்பது ஏற்பாடு. கேட்டே ஆகவேண்டிய அறிவுரைக்குக் கட்டளை என்பதே நேர்மையான பெயர். முதல் ரெசிடெண்டாகிய பர்ச் அடுத்த ஆண்டே பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். எனினும் அம்முறை மறையவில்லை. அண்டை மாநிலங்களுக்கும் பரவியது. 1896ஆம் ஆண்டில் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் சேர்க்கப்பட்டு, ஐக்கிய மலாய் மாநிலங்கள் என்னும் அமைப்புப் பிறந்தது. கோலாலம்பூர் அதன் தலைநகராயிற்று. ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் முதல் தலைமை ரெசிடெண்ட் ஆனார்.

பெயரளவில் அது கூட்டாட்சி. நடைமுறையிலோ, நான்கு கருவூலங்களையும் நான்கு நிருவாகங்களையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்த ஏற்பாடு. 1903இல் கோலாலம்பூரில் கூடிய அரசர் பேரவையில் பேராக் சுல்தான் இத்ரிஸ் தம் மனக்குறையை வெளிப்படையாகவே எடுத்துரைத்தார். 1909இல் கூட்டரசு மன்றம் அமைந்தபோது, தம் மாநிலத்தில் முடிசூடியிருந்த சுல்தான்கள் அம்மன்றத்தில் உறுப்பினர்களாக அமர, ஆங்கிலேய உயர் ஆணையர் தலைமை தாங்கினார்! இதனை அயலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பிற அரசுகளுக்கு வேறு பாடம் தேவைப்படவில்லை. ஜொகூரும், 1909இல் சயாமிடமிருந்து ஆங்கிலேயர் செல்வாக்குக்கு மாறிய கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு ஆகியனவும் இறுதிவரை அக்கூட்டில் சேரவே இல்லை. ஆங்கிலேய ஆலோசகரை ஏற்றன, கூட்டை ஏற்கவில்லை. ‘கூட்டாட்சி’ என்னும் சொல் மலாய் அரசர்களின் செவியில் அன்று இனிமையாக ஒலித்திருக்க முடியாது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தவுடன் லண்டன் அரசு ஒரே வீச்சில் அனைத்தையும் மாற்ற முற்பட்டது. 1945 அக்டோபரில் சர் ஹெரால்டு மெக்மைக்கேல் மலாயாவுக்கு வந்தார். ஒவ்வோர் அரண்மனையாகச் சென்று, அரசுரிமை முழுவதையும் ஆங்கிலேய முடிக்கு ஒப்படைக்கும் உடன்படிக்கையில் சுல்தான்களின் கையொப்பத்தைப் பெற்றார். சப்பானியர் காலத்தில் அரியணையில் இருந்தவர்களின் தகுதியே ஐயத்துக்குரியதாக இருந்த வேளை அது; மறுக்கும் நிலையில் எவரும் இல்லை. ஒன்பது மலாய் மாநிலங்களும் பினாங்கும் மலாக்காவும் சேர்ந்து ஒரே ஆளுநரின் கீழ் ‘மலாயன் யூனியன்’ ஆயின. சிங்கப்பூர் தனிக் குடியேற்ற நாடாக நிறுத்தப்பட்டது. சுல்தான்களுக்கு எஞ்சியவை சமயமும் வழக்காறும் மட்டுமே. நிலத்தின் மீதிருந்த ஆணை உட்பட ஏனைய யாவும் கைமாறின.

1946 ஏப்ரல் முதல் நாள் கோலாலம்பூரில் ஆளுநர் எட்வர்டு கெண்ட் பதவியேற்றார். அவ்விழாவுக்கு வருகை தர நகரில் கூடியிருந்த சுல்தான்கள் ஒருவரும் விழாவுக்குச் செல்லவில்லை. டத்தோ ஓன் பின் ஜாபார் வேண்டிக்கொண்டபடி அவர்கள் தங்கியிருந்த விடுதியிலேயே இருந்துவிட்டனர். விடுதியின் முன்னே மக்கள் திரண்டு நின்றனர். மலாய்க்காரர்கள் தம் சொங்கோக்கில் வெள்ளைத் துணியைச் சுற்றித் துக்கம் காத்தனர். அடுத்த மாதமே ஜொகூர் பாருவில் அம்னோ முறையாகத் தோன்றியது. அரசரே கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டதை மக்கள் எழுந்து மீட்டார்கள் என்பது இவ்வரலாற்றின் வியப்பான பகுதி.

மலாயன் யூனியன் திட்டத்தில் இன்னொரு கூறும் இருந்தது. இந்நாட்டிற் பிறந்த தமிழருக்கும் சீனருக்கும் அது எளிதாகக் குடியுரிமை வழங்க முன்வந்தது. ஆனால் அதனால் பயன் பெறவிருந்தோர் அதனைக் காத்து நிற்கவில்லை. தமிழர்களின் கண்கள் அந்நாளில் பெரும்பாலும் இந்திய விடுதலையின் மீதே இருந்தன. மலாயா இந்தியர் காங்கிரஸ் தோன்றியதே 1946 ஆகஸ்டு மாதத்தில்தான். அதற்குள் யூனியனின் விதி ஏறத்தாழ முடிவாகிவிட்டது. ஜான் திவியின் தலைமையில் காங்கிரஸ் பின்னர்ப் பல இனக் கூட்டணியில் சேர்ந்து, மாற்று அரசமைப்பு ஒன்றை முன்வைத்தது. 1947 அக்டோபர் 20ஆம் நாள் நாடு தழுவிய கடையடைப்பிலும் பங்கு கொண்டது. அக்குரல் காலந்தாழ்ந்து எழுந்த குரல். இழக்கவிருந்தவர்கள் போராடினார்கள், பெறவிருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று கூறுவது சற்றே கடுமையாயினும் பொய்யாகாது.

1948 பிப்ரவரி முதல் நாள் மலாயன் யூனியன் மறைந்து, மலாயாக் கூட்டரசு பிறந்தது. சுல்தான்களின் அரசுரிமை திரும்பியது. மாநிலந்தோறும் மந்திரி பெசார், ஆட்சிக் குழு, மாநில மன்றம் ஆகியவை அமைந்தன. வலிமையான நடுவண் அரசு வேண்டும் என்னும் ஆங்கிலேயரின் நோக்கமும் கைவிடப்படவில்லை. ஆகவே ஒரு பேரம் நிகழ்ந்தது. ஆளும் அதிகாரத்தின் பெரும்பகுதி கோலாலம்பூரில் தங்கியது. அரசனின் அடையாளமாக எது கருதப்பட்டதோ அது மாநிலத்துக்குத் திரும்பியது. மலாய் அரசியல் மரபில் மண் அரசனுடையது. மண் இல்லாத அரசன் வெறும் விருந்தாளி. நிலம் மாநிலப் பொருளாக நின்றது இதனாலேயே அன்றி, அரசியல் அறிஞர் எவரும் அமர்ந்து எண்ணி வகுத்த கோட்பாட்டினால் அன்று.

விடுதலைக்கு முன்னர், 1956இல், ரீட் பிரபு தலைமையில் அரசமைப்பு ஆணைக்குழு வந்தது. இங்கிலாந்தின் ஐவர் ஜென்னிங்ஸ், ஆஸ்திரேலியாவின் வில்லியம் மெக்கெல், இந்தியாவின் நீதிபதி பி. மாலிக், பாகிஸ்தானின் நீதிபதி அப்துல் ஹமீது ஆகியோர் ஏனைய உறுப்பினர்கள். அவர்களுக்கு இடப்பட்ட பணியிலேயே விடை பாதி எழுதப்பட்டிருந்தது: நடுவண் அரசு வலிமையுடையதாக இருத்தல் வேண்டும்; மாநிலங்களுக்கு ஓரளவு தன்னாட்சி இருத்தல் வேண்டும். 1957ஆம் ஆண்டு அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணை அவ்வாறே மூன்று பட்டியல்களைக் கொண்டது. நடுவண் பட்டியல், மாநிலப் பட்டியல், இருவருக்கும் பொதுவான பட்டியல் என்னும் இப்பகுப்பு இந்திய அரசமைப்பைப் படித்தவர்களுக்குப் புதியதன்று. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. எந்தப் பட்டியலிலும் சேராத எஞ்சிய அதிகாரம் இந்தியாவில் ஒன்றிய அரசுக்கு உரியது. மலேசியாவில் அது மாநிலங்களுக்கு உரியது. கேட்பதற்கு இது பெரிய உரிமையாகத் தோன்றும். நடுவண் பட்டியல் மிக நீண்டதாகையால் எஞ்சுவதற்குத்தான் அதிகம் இல்லை.

நிதியைப் பார்த்தால் உண்மை இன்னும் தெளிவாகும். வருமான வரியும் சுங்கவரியும் கூட்டரசுக்கு உரியவை. நில வரி, காட்டு வருவாய், சுரங்க வருவாய், கேளிக்கை வரி போன்றவை மாநிலத்துக்கு உரியவை. தலைக்கு இவ்வளவு என்றும், சாலையின் நீளத்துக்கு இவ்வளவு என்றும் கூட்டரசு மானியம் வழங்கும். கையில் மண்ணும், பையில் காசின்மையும் என்பதே பல மாநிலங்களின் நிலை. பணம் வேண்டும் மாநிலம் எதை நோக்கித் திரும்பும்? காட்டை நோக்கியும் நிலத்தை நோக்கியும் திரும்பும். காடு அழிவதைக் குறித்து மாநில அரசுகளைக் கடிந்துரைப்போர், வேறு வருவாய்க்கு அவற்றுக்கு வழி விடப்படவில்லை என்பதையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

இங்குத் தமிழ்ப் பள்ளியின் வரலாறும் கூட்டாட்சியின் வரலாறும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டத்தில் பள்ளி நடத்துமாறு தோட்ட நிருவாகத்தைப் பணித்தது. பள்ளி தோட்ட நிலத்தில் எழுந்தது. அந்நிலம் கும்பினியின் உடைமை. விடுதலைக்குப் பின் கல்வி நடுவண் அரசின் பொறுப்பாயிற்று. ஆசிரியரின் ஊதியமும் பாடத்திட்டமும் தேர்வும் கோலாலம்பூரிலிருந்து வந்தன. கட்டடத்தின் கீழிருந்த மண் மட்டும் கும்பினியிடமே இருந்தது. அதன் பட்டா மாநில நில அலுவலகத்தின் பதிவேட்டில் இருந்தது. ஒரே பள்ளிக்கு மூன்று தலைவாயில்கள்!

ஐம்பதுகளின் பிற்பகுதியிலும் அறுபதுகளிலும் தோட்டத் துண்டாடல் நாட்டை உலுக்கியது. வெள்ளைக்காரக் கும்பினிகள் விற்றுச் சென்ற பெருந்தோட்டங்கள் சிறு சிறு துண்டுகளாகப் பலருக்குக் கைமாறின. தொழிலாளர் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தனர். பள்ளிகள் மாணவரின்றி மூடப்பட்டன. இக்கொடுமையை ஆராய்ந்து உங்கு அசிஸ் குழுவினர் 1963இல் அறிக்கை அளித்தனர். துன்புற்ற தொழிலாளர் நலன் நடுவண் அரசின் பொருள். மூடப்பட்ட பள்ளியும் நடுவண் அரசின் பொருள். விற்கப்பட்ட நிலமோ மாநிலத்தின் பொருள். நோய் ஓரிடத்திலும் மருந்துப் பெட்டியின் சாவி வேறிடத்திலும் இருந்தன. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், சட்டத்துக்குக் காத்திராமல் தொழிலாளரின் பணத்தைத் திரட்டி நிலத்தையே விலைக்கு வாங்கிற்று. அரசமைப்பின் நுட்பங்களை அத்தொழிலாளர் அறிந்திருக்கமாட்டார்கள். நிலம் எவர் பெயரில் இருக்கிறதோ அவரிடமே வாழ்வு இருக்கிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். தோட்ட நிலத்தைத் துண்டாட மாநிலத் தோட்ட நில வாரியத்தின் இசைவு வேண்டும் என்னும் விதி, தேசிய நிலச் சட்டத்தில் பின்னரே சேர்ந்தது.

அச்சட்டமே ஒரு சமரசத்தின் விளைவு. 1966 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த தேசிய நிலச் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. நிலம் மாநிலப் பொருளாயிற்றே, நாடாளுமன்றம் எவ்வாறு சட்டம் இயற்றலாம்? மாநிலங்களிடையே சட்டம் ஒரு சீராக அமைவதற்காக மட்டும் அவ்வாறு இயற்றலாம் என அரசமைப்பின் 76ஆம் பிரிவு இடமளிக்கிறது. எழுதும் கை கோலாலம்பூரினது. வழங்கும் கை மாநிலத்தினது. ஒரு பள்ளிக்கென நிலத்தை ஒதுக்கி அரசிதழில் வெளியிடும் அதிகாரம் மாநில அரசுக்கே உண்டு. கூட்டரசு தன் தேவைக்கு நிலம் கேட்டுப் பெறலாம். அதற்கும் மாநிலத்துடன் கலந்துபேசி, விலை கொடுத்தல் வேண்டும். கல்வி அமைச்சு பணத்தை ஒதுக்கிய பின்னரும் கட்டடம் எழாமல் ஆண்டுகள் கழிவதற்கு, ஆட்சியாளரின் அக்கறையின்மை மட்டுமே காரணம் எனப் பலர் எண்ணுகின்றனர். அக்கறையின்மை இருக்கலாம். கோப்பு இரண்டு அரசுகளின் வாயில்களைக் கடக்க வேண்டியிருப்பதும் உண்மை.

அப்படியாயின் கல்வியும் மாநிலங்களிடமே விடப்பட்டிருந்தால் நலமாகுமா என்று கேட்கலாம். ஆகாது என்றே தோன்றுகிறது. தமிழர் பல மாநிலங்களிலும் பரவி வாழ்கின்றனர். எம்மாநிலத்திலும் பெரும்பான்மையினராக இல்லை. இந்தியாவில் 1976 வரை கல்வி மாநிலப் பட்டியலில் இருந்தது. தமிழ்நாடு தன் பள்ளிமொழியைத் தானே முடிவு செய்ய அது துணை நின்றது. தமிழுக்கென ஒரு மாநிலம் இல்லாத நாட்டில் அவ்வழி பொருந்தாது. பெர்லிஸில் உள்ள ஒரே தமிழ்ப் பள்ளிக்கும் பேராக்கில் உள்ள நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளுக்கும் ஒரே கல்விச் சட்டம் காப்பாக நிற்பது, கல்வி நடுவண் பொருளாக இருப்பதனாலேயே ஆகும்.

1963ஆம் ஆண்டு இக்கூட்டாட்சியின் இரண்டாம் பிறப்பு. மலேசியா தோன்றுவதற்குச் சில நாள்களே இருக்கையில் கிளந்தான் மாநில அரசு நீதிமன்றம் சென்றது. தன்னைக் கேளாமல் புதிய மாநிலங்களைச் சேர்ப்பது செல்லாது என வாதிட்டது. தலைமை நீதிபதி ஜேம்ஸ் தாம்சன் அவ்வாதத்தை ஏற்கவில்லை. நாடாளுமன்றம் தனக்குரிய அதிகாரத்தின்படியே செயற்பட்டது என்றார். கூட்டில் உள்ள ஒரு மாநிலத்தின் இசைவின்றியே கூட்டின் வடிவத்தை மாற்றலாம் என்பது அன்றைக்கு உறுதியாயிற்று.

புதிதாக வந்தோர் எச்சரிக்கையோடு வந்தனர். சிங்கப்பூர் கல்வியையும் தொழிலாளர் துறையையும் தன் கையில் வைத்துக்கொண்டது. அதற்கு ஈடாக நாடாளுமன்றத்தில் பதினைந்து இடங்களோடு அமைந்தது. மக்கள்தொகையில் அதன் பாதிகூட இல்லாத சரவாக்குக்கு இருபத்து நான்கு இடங்கள் கிடைத்தன. அந்தப் பேரம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கவில்லை. சபாவும் சரவாக்கும் குடிநுழைவைத் தம் கட்டுப்பாட்டில் வைத்தன. நிலத்தைப் பொறுத்தவரை தீபகற்ப மாநிலங்களைவிட ஒரு படி மேலே சென்றன. ஒரு சீர்மையின் பெயரால்கூட நாடாளுமன்றம் தம் நிலச் சட்டத்தைத் தொடுதல் கூடாது என அரசமைப்பில் எழுதி வாங்கின. தேசிய நிலச் சட்டம் இன்றளவும் அவ்விரு மாநிலங்களுக்கும் பொருந்தாது.

ஆயினும் எழுத்து வேறு, நிகழ்ந்தது வேறு. 1966இல் சரவாக் முதலமைச்சர் ஸ்டீபன் கலோங் நிங்கான் பதவி நீக்கப்பட்டார். நீதிமன்றம் அவரை மீண்டும் பதவியில் அமர்த்தியது. உடனே அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, நாடாளுமன்றமே சரவாக்கின் அரசமைப்பைத் திருத்த, அவர் மறுபடியும் வெளியேறினார். 1976இல் அரசமைப்பின் முதற் பிரிவு திருத்தப்பட்டு, சபாவும் சரவாக்கும் ஏனைய பதினொன்றோடு ஒரே வரிசையில் எழுதப்பட்டன. கூட்டாளியாக வந்தவர்கள் பதின்மூவரில் இருவராயினர் என்னும் மனக்குறை நெடுங்காலம் நின்றது. 2021 டிசம்பரில் நாடாளுமன்றம் அவ்வரியைத் திருத்தியது. அத்திருத்தம் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது.

நிலத்தை விட்டுக்கொடுத்த மாநிலமும் உண்டு. 1974 பிப்ரவரி முதல் நாள் கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமாயிற்று. பின்னர் 1984இல் லாபுவான் சபாவிலிருந்தும், 2001இல் புத்ராஜெயா சிலாங்கூரிலிருந்தும் பிரிந்தன. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் செல்லும் நெடுஞ்சாலையில் நிற்கும் கோத்தா டாருல் ஏசான் வளைவு, சிலாங்கூர் தன் தலைநகரைக் கொடுத்ததன் நினைவாக எழுந்தது. நாள்தோறும் எத்தனையோ பேர் அதனைக் கடக்கின்றனர். ஒரு மாநிலம் தன் மண்ணைப் பிரிந்த கதை அது என்பதை எத்தனை பேர் அறிவர்?

அதே 1974இல் இயற்றப்பட்ட பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம் எண்ணெயின் உடைமையைப் பெட்ரோனாஸ் நிறுவனத்துக்கு ஆக்கிற்று. மாநிலங்களுக்கு நூற்றுக்கு ஐந்து பங்கு என்பது உடன்பாடு. திரெங்கானுவில் எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்த பின், 2000ஆம் ஆண்டில் அப்பங்கும் மாநில அரசின் கைக்குச் செல்லாமல் நிறுத்தப்பட்டது. கடலடி எண்ணெய் மாநிலத்தின் நிலமா என்னும் வழக்கு எழுந்தது. ஆற்றின் கரையைக் காத்து நின்ற அரசுகளின் காலத்தில் இப்படி ஒரு வினா பிறக்க வழியே இல்லை. சரவாக் இன்று அவ்வினாவைத் தொடர்ந்து எழுப்புகிறது. 1954ஆம் ஆண்டின் ஆங்கிலேய அரசாணை தன் எல்லையைக் கடலடித் திட்டு வரை நீட்டியது என்பது சரவாக்கின் வாதம். 2012ஆம் ஆண்டின் கடலெல்லைச் சட்டமோ, மாநில உரிமை கரையிலிருந்து மூன்று கடல்மைல் தொலைவோடு முடிகிறது என்கிறது. நிலம் மாநிலத்தினுடையது என்பதில் இரு தரப்பினருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்நிலம் எவ்விடத்தில் முடிகிறது என்பதிலேயே வேறுபாடு.